கோல்ஃப் ஸ்விங்: முதலில் தரை, பிறகு முகம், கடைசியில்தான் வேகம்

கிளப்பின், அதாவது கோல்ஃப் கோலின், தலை பந்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி விநாடி. பந்தைப் பொறுத்தவரை அந்த நேரத்தில் நடப்பது மட்டும்தான் கணக்கு: முகத்தின் (தலையில் பந்தை அடிக்கும் பரப்பு) எந்த இடத்தில் பட்டது, முகம் எங்கே பார்த்தது, தலை எந்தத் திசையில், என்ன வேகத்தில் போனது. அதற்கு முன்னால் கை எப்படி வளைந்தது, கிளப் மேலே எப்படிச் சுற்றியது என்பதெல்லாம் பந்துக்குத் தெரியாது. அமெரிக்க ஆட்டக்காரர் ஜிம் ஃப்யூரிக்கின் ஸ்விங் மேலே ஒரு வளையம் போட்டுவிட்டுத்தான் கீழே இறங்கும். பார்ப்பவர்கள் சிரித்த அந்த ஸ்விங்கை வைத்துக்கொண்டுதான் அவர் 2003இல் யு.எஸ். ஓபனை வென்றார். 2016இல் பி.ஜி.ஏ. டூர் என்ற தொழில்முறைப் போட்டித் தொடரில் ஒரு சுற்றை வெறும் 58 அடிகளில் முடித்தார்.

ஆகவே புதிதாகத் தொடங்குபவர் அழகான ஸ்விங்கைத் தேடி அலைய வேண்டாம். பயிற்சியில் வரிசைதான் முக்கியம். கிளப் தரையை எங்கே தொடுகிறது என்பதை முதலில் சரிசெய்யுங்கள். அடுத்தது முகம், அதற்கடுத்தது தலை வரும் பாதை. வேகம் கடைசி. பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். முதல் நாளே டிரைவரை (நெடுந்தூரம் அடிக்கும் கிளப்) எடுத்து ஓங்கி அடித்துவிட்டு, பந்து ஏன் வலப்பக்கம் வளைகிறது என்று ஆறு மாதம் யோசிக்கிறார்கள்.

கீழே உள்ளதெல்லாம் வலக்கைக்காரர்களுக்காக எழுதியது. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

கிளப்பைத் தொடுவதற்கு முன்

உடம்பு செய்ய முடியாத அசைவை எந்தப் பயிற்சியும் கற்றுத்தராது. உடம்பு வேறொரு குறுக்குவழியைக் கண்டுபிடிக்கும், அந்தக் குறுக்குவழிதான் பிழையாகத் தெரியும். அதனால் வீட்டிலேயே மூன்று சோதனைகள்.

முதலாவது, இடுப்பிலிருந்து குனிதல். ஒரு துடைப்பக் கட்டையை முதுகோடு செங்குத்தாகப் பிடியுங்கள். பின்னந்தலை, மேல்முதுகு, வாலெலும்பு மூன்றும் கட்டையைத் தொட வேண்டும். முழங்காலை லேசாக மடக்கி, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனியுங்கள். மூன்றில் ஏதாவது ஒன்று கட்டையை விட்டு விலகினால், நீங்கள் இடுப்பில் குனியவில்லை, முதுகை வளைக்கிறீர்கள். பந்தின் முன் நிற்கும்போதும் அதையேதான் செய்வீர்கள்.

இரண்டாவது, மேல்முதுகின் சுழற்சி. நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து நிமிர்ந்து உட்காருங்கள். கட்டையை நெஞ்சின் குறுக்கே, தோள்களின் முன்புறம் வைத்துக் கைகளைக் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். இடுப்பை அசைக்காமல் வலம், இடம் திரும்புங்கள். இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரி வந்தால் போதும். வராதவர்கள் பின்ஸ்விங்கில் (கிளப்பைப் பின்னால் தூக்கும் கட்டம்) தோளைத் திருப்ப முடியாமல் கையை மட்டும் தூக்குவார்கள், அல்லது மொத்த உடம்பையும் வலப்பக்கம் நகர்த்துவார்கள்.

மூன்றாவது, இடுப்பு மூட்டு. அதே நாற்காலியில் முழங்காலை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாக வீசிப் பாருங்கள். பாதம் வெளியே போகும்போது தொடை உள்ளே சுழலும். இடது காலில் இந்தச் சுழற்சி குறைவாக இருந்தால் அடித்து முடிக்கும்போது இடுப்பு முட்டிக்கொண்டு நிற்கும், மிச்சச் சுழற்சியைக் கீழ்முதுகு ஏற்கும். உடனடி நிவாரணம் ஒன்று உண்டு: நிற்கும்போது இடது பாதத்தின் விரல்பக்கத்தை இலக்கை நோக்கி 20 முதல் 30 டிகிரி திருப்பி வையுங்கள். மூட்டைத் தளர்த்தும் பயிற்சி பின்னால் வருகிறது.

பிடியும் நிற்கும் முறையும்

ஒரு 7 ஐயனில் (நடுத்தரத் தூரத்துக்கான கிளப்) தொடங்குங்கள். முதல் இரண்டு மாதம் அது ஒன்றே போதும் என்பது எங்கள் கருத்து.

இடது கையில் கிளப் உள்ளங்கையில் அல்ல, விரல்களின் அடியில் உட்கார வேண்டும். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் தொடங்கி, சுண்டுவிரலுக்குக் கீழே உள்ளங்கையின் தடித்த மேட்டுக்கு அடியில் முடிய வேண்டும். கையை மூடிக் கீழே பார்த்தால் இரண்டு, இரண்டரை விரல்முட்டிகள் தெரியும். ஒன்றுதான் தெரிகிறது என்றால் பிடி பலவீனம், முகம் திறந்தபடியே, அதாவது வலப்பக்கம் பார்த்தபடியே, பந்துக்கு வரும். வலது கையின் உள்ளங்கை இடது கட்டைவிரலை மூடும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உண்டாக்கும் கோடு வலது தோளைக் காட்டும். சுண்டுவிரலைக் கோத்துக்கொள்வதா, மேலே வைப்பதா என்பது கையின் அளவைப் பொறுத்தது. அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பிடியின் இறுக்கம் பத்துக்கு நான்கு. நம் ஊர் வெயிலில் இது சொல்வதற்கு எளிது. வியர்வையில் கையுறை வழுக்க ஆரம்பித்ததும் தானாகவே இறுக்குவோம், முன்கை விறைக்கும், மணிக்கட்டு மடங்காது. இரண்டு கையுறைகளை மாற்றி மாற்றிப் போடுங்கள். ஒரு சிறிய துண்டு கையருகே இருக்கட்டும். கிளப்பின் ரப்பர் பிடி பளபளவென்று ஆகிவிட்டால் மாற்றுங்கள்.

நிற்கும்போது பாதங்கள் தோள் அகலத்தில். பந்து நடுவிலிருந்து ஒரு பந்தளவு இடப்பக்கம். கட்டையோடு பழகிய அதே குனிதல், கைகள் தோளிலிருந்து நேரே தொங்க வேண்டும். கிளப்பின் கைப்பிடி நுனிக்கும் தொடைக்கும் இடையில் ஒரு கையின் அகலம் இருந்தால் தூரம் சரி. பாதத்தில் எடை நடுப்பகுதியில் இருக்கட்டும், குதிகாலிலோ விரல்நுனியிலோ அல்ல.

தரையை எங்கே தொடுகிறீர்கள்?

ஸ்விங் ஒரு வளைவு. அந்த வளைவின் அடிப்புள்ளி ஐயனில் பந்துக்கு முன்னால், அதாவது இலக்குப் பக்கம், விழ வேண்டும். நன்றாக ஆடுபவர்களிடம் அது பந்தைத் தாண்டி 8 முதல் 10 செ.மீ. தள்ளி இருக்கும். முதலில் பந்து, பிறகு புல். புதியவர்களின் அடிப்புள்ளி பந்துக்குப் பின்னால் விழுகிறது. அப்போது கிளப் முதலில் மண்ணைத் தோண்டும், அதைத்தான் ஃபேட் என்கிறோம். அல்லது மண்ணைத் தவிர்க்க உடம்பு நிமிரும், விளிம்பு பந்தின் நடுவில் பட்டுத் தரையோடு சீறும், இது தின். எதிரெதிர் பிழைகளாகத் தெரியும் இவை இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றே: எடை வலது காலிலேயே தங்கிவிடுகிறது. பந்தை மேலே தூக்கிவிட வேண்டும் என்ற ஆசைதான் எடையை அங்கே பிடித்து வைக்கிறது. தூக்கும் வேலையை 7 ஐயனின் முகச்சாய்வு பார்த்துக்கொள்ளும், நீங்கள் கீழே அடித்தால் போதும்.

கோட்டுப் பயிற்சி இதற்கு முதல் மருந்து. புல்லில் இலக்குத் திசைக்குக் குறுக்கே ஒரு மீட்டர் நீளத்துக்குச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். கோடு இரண்டு பாதங்களுக்கும் நடுவே வரும்படி நில்லுங்கள். பந்து வேண்டாம். பாதி வேகத்தில் 10 ஸ்விங், ஒவ்வொன்றுக்கும் கோட்டின் நீளவாக்கில் சற்றே நகர்ந்துகொள்ளுங்கள். டிவட் (கிளப் புல்லைப் பெயர்க்கும் தடம்) கோட்டிலோ, அதற்கு இடப்பக்கமோ தொடங்க வேண்டும். பத்தில் ஏழு அப்படி வந்த பிறகுதான் பந்து. வராவிட்டால், எடையை முன்கூட்டியே இடது காலில் 70 சதவீதம் வைத்துக்கொண்டு அதே பத்தைச் செய்யுங்கள். அடிப்புள்ளி உடனே முன்னால் நகர்வதைப் பார்ப்பீர்கள். அந்த உணர்வைத்தான் சாதாரண ஸ்விங்குக்குள் கொண்டுவர வேண்டும்.

பாய் விரித்த டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடல்) கவனம் தேவை. பந்துக்கு 5 செ.மீ. பின்னால் அடித்தாலும் கிளப் பாயில் வழுக்கி பந்தில் பட்டுவிடும், பந்தும் பறக்கும். நல்ல அடி என்று நினைத்துக்கொள்வீர்கள். மைதானத்துக்குப் போனதும் மண் பறக்கும். கூடவே பாய்க்கு அடியிலுள்ள கான்கிரீட்டின் அதிர்ச்சி முழங்கைக்கு ஏறும். எனவே பாயில் ஒரு கைத்துண்டை மடித்து, பந்துக்கு 10 செ.மீ. பின்னால் வையுங்கள். துண்டைத் தொட்டால் அந்த அடி கணக்கில் இல்லை. டிரைவருக்கு இந்தப் பயிற்சி பொருந்தாது. அதில் பந்து டீயின் (பந்தைத் தாங்கும் சிறு குச்சி) மேல், இடது குதிகாலுக்கு நேரே இருக்கும், கிளப் மேலேறும்போது பந்தைத் தொடும்.

துண்டை மீறி மீறித் தொடுகிறீர்களா? சுவருக்குப் போங்கள். சுவரிலிருந்து சற்றே விலகிக் குனிந்து, புட்டம் சுவரை லேசாகத் தொடும்படி நில்லுங்கள். கைகள் நெஞ்சின் குறுக்கே. பின்ஸ்விங் போலத் திரும்பும்போது வலது புட்டம் சுவரை அழுத்தட்டும், முன்னால் திரும்பும்போது அழுத்தம் இடது புட்டத்துக்கு மாறட்டும். இடையில் இரண்டுமே சுவரைவிட்டு விலகினால், இடுப்பு பந்தை நோக்கி முன்னே போகிறது. கைகளுக்கு இடமில்லாமல் உடம்பு நிமிர்வது அதனால்தான். தினமும் 15 முறை, பல் தேய்ப்பதற்கு முன்போ பின்போ.

பந்து எங்கே கிளம்புகிறது, எங்கே வளைகிறது

இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்கப் பழகுங்கள். பந்து கிளம்பும் திசையைப் பெரும்பாலும் முகம் தீர்மானிக்கிறது. வளைவைத் தீர்மானிப்பது முகத்துக்கும் பாதைக்கும் உள்ள வேறுபாடு. பாதையோடு ஒப்பிட்டால் முகம் வலப்பக்கம் பார்க்கிறது என்றால் பந்து வலப்பக்கம் வளையும். இடப்பக்கம் கிளம்பி வலப்பக்கம் வளைந்தால், கிளப் வெளியிலிருந்து உள்ளே, உடம்பை நோக்கி, வெட்டுகிறது, முகம் அந்தப் பாதைக்குத் திறந்திருக்கிறது. புதியவர்களின் ஸ்லைஸ் (வலப்பக்கம் வளையும் அடி) பெரும்பாலும் இதுதான். வலப்பக்கமே கிளம்பி இன்னும் வலப்பக்கம் போனால் முகம்தான் முதல் குற்றவாளி.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. ஒயிட்போர்டு மார்க்கரால் பந்தின் பின்பக்கம் ஒரு பெரிய புள்ளி வையுங்கள், அந்தப் புள்ளி கிளப்பைப் பார்க்கட்டும். அடித்ததும் முகத்தில் மை ஒட்டியிருக்கும். டிரைவரில் குதிப்பக்கம் (தண்டை ஒட்டிய பக்கம்) பட்டால் பந்து வலப்பக்கமும், நுனிப்பக்கம் பட்டால் இடப்பக்கமும் வளையும், ஸ்விங் நேராக இருந்தாலும்கூட. மை எங்கே ஒட்டியது என்று பார்க்காமல் ஸ்விங்கை மாற்றுவது வீண்வேலை. குதிப்பக்கமே திரும்பத் திரும்பப் பட்டால் பந்துக்கு மிக அருகில் நிற்கிறீர்கள், அல்லது இடுப்பு முன்னே வருகிறது. மறுபடியும் சுவர்.

முகத்துக்கான பயிற்சி கடிகாரம். எதிரே நிற்பவர் கண்ணுக்கு உங்கள் தலை 12 மணி, பந்து 6 மணி என்று வைத்துக்கொண்டு, கிளப்பை 9 மணி வரை கொண்டுபோய் 3 மணி வரை மட்டும் அடியுங்கள். 9 மணியில் தண்டு தரைக்கு இணையாக இருக்கும்போது நிறுத்திப் பாருங்கள்: கிளப்பின் கீழ்விளிம்பு உங்கள் முதுகெலும்பின் சாய்வுக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். முகம் வானத்தைப் பார்த்தால் திறந்துவிட்டது, தரையைப் பார்த்தால் மூடிவிட்டது. 3 மணியிலும் இதே பார்வை. அங்கே முகம் வானத்தைப் பார்த்தால் முன்கை சுழலாமல் பிடித்து வைத்திருக்கிறீர்கள். இடது கையை வலப்பக்கம் சற்றுத் திருப்பி, மூன்று முட்டிகள் தெரியும்படி பிடித்து மறுபடி 10 பந்து. முகம் சரியான பிறகும் பந்து இடப்பக்கம் கிளம்பினால்தான் பாதையைத் தொட வேண்டும். வரிசை மாறினால் குழப்பம்: முகம் திறந்திருக்கையில் பாதையை மட்டும் வலப்பக்கம் திருப்பினால் பந்து பக்கத்து ஃபேர்வேக்கு (ஆட்டத்தடம்) போகும்.

பாதைக்கு: பந்துக்கு வெளிப்புறம், ஒரு கிளப் தலை அகலம் தள்ளி, சற்றே பின்னால், கிளப்பின் மூடியுறையை வையுங்கள். மேலிருந்து தோளால் வெட்டினால் உறை பறக்கும். கட்டையோ செங்கல்லோ வைக்காதீர்கள், மணிக்கட்டு போகும். உறையைத் தொடாமல் அடிக்க முடியாதவர்கள் வலது பாதத்தை ஓர் அடி பின்னால் இழுத்துக்கொண்டு 10 பந்து அடிக்கலாம். கிளப் உள்ளிருந்து வர அது இடம் கொடுக்கும்.

காலிலிருந்து கைக்கு

கீழே இறங்கும்போது முதலில் இடுப்பு, பிறகு நெஞ்சு, பிறகு கை, கடைசியில் கிளப். தோள் முந்திக்கொண்டால் வெட்டு அடி. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், காலால் செய்தால் ஒரு நாளில் பிடிபடும். பாதங்களைச் சேர்த்து நின்று கிளப்பை மேலே கொண்டுபோங்கள். கிளப் உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே இடது காலை இலக்குப் பக்கம் எடுத்து வையுங்கள், கால் ஊன்றியதும் அடியுங்கள். முதல் 10 பந்தில்லாமல், அடுத்த 10 பந்தோடு.

தாளம் பற்றி ஒன்று. தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் மேலே போகும் நேரம், கீழே வந்து பந்தைத் தொடும் நேரத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மனதுக்குள் மேலே மூன்று எண்ணுங்கள், நான்காவதில் பந்து. "மெதுவாக அடி" என்ற அறிவுரையை நம்பாதீர்கள். மெதுவாகத் தொடங்கிக் கடைசியில் தள்ளுவதும் அவசரமாகத் தூக்குவதும் இரண்டுமே தாளக் கேடு.

உடற்பயிற்சி

தென்னாப்பிரிக்காவின் கேரி பிளேயர் எடை தூக்கிய காலத்தில் அது கோல்ஃபுக்கு ஆகாது என்றுதான் பலரும் சொன்னார்கள். அவரோ 1965க்குள் மேஜர் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளின் பட்டங்களையும் வென்று முடித்தார். இன்று டூரில் ஆடுபவர்கள் ஜிம்முக்குப் போவது சாதாரணம்.

தினமும் 10 நிமிடம் தளர்ச்சிப் பயிற்சி. பக்கவாட்டில் படுத்து, முழங்கால்களை மடக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேல்கையைப் புத்தகம் திறப்பதுபோல் மறுபக்கம் திறவுங்கள். பக்கத்துக்கு 8. முழங்கால் தரையைவிட்டு எழும்பினால் மேல்முதுகு சுழலவில்லை, இடுப்பு சுழல்கிறது. அடுத்து தரையில் உட்கார்ந்து இரண்டு முழங்கால்களையும் 90 டிகிரியில் ஒரே பக்கம் சாய்த்து, பிறகு மறுபக்கம் மாற்றுங்கள், பக்கத்துக்கு 8. மூட்டு சோதனையில் தோற்றவர்கள் இதை விடாதீர்கள்.

வாரத்தில் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு, வலிமை:

- புட்டப் பாலம்: மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கி 2 விநாடி நிறுத்தி இறக்குதல், 12 வீதம் 3 சுற்று. தொடைப் பின்பகுதி பிடித்துக்கொண்டால் குதிகாலைப் புட்டத்துக்கு அருகில் கொண்டுவாருங்கள்.
- எடையோடு இடுப்புக் குனிதல்: கெட்டில்பெல் இல்லாவிட்டால் 5 லிட்டர் தண்ணீர் கேன் போதும், 10 வீதம் 3 சுற்று.
- ரப்பர் பட்டையை நெஞ்சுயரத்தில் ஒரு தூணில் கட்டி, பக்கவாட்டில் நின்று இரு கைகளாலும் நேரே முன்னால் நீட்டி, உடம்பு திரும்பாமல் தாங்குதல்: பக்கத்துக்கு 10, 3 சுற்று. நடுவுடம்பின் வேலை சுழற்றுவது மட்டுமல்ல, தேவையற்ற சுழற்சியைத் தடுப்பதும்தான்.
- பக்கவாட்டுப் பிளாங்க், பக்கத்துக்கு 20 முதல் 40 விநாடி.
- பட்டையால் பின்னிழுத்தல் 12, தண்டால் (புஷ்-அப்) 8 முதல் 12, தலா 3 சுற்று.

ஆறு வாரம் இதைச் செய்து, வலி எதுவும் இல்லையென்றால் வேகத்தைச் சேர்க்கலாம். 2 அல்லது 3 கிலோ மெடிசின் பாலை இடுப்புயரத்தில் பிடித்து, ஸ்விங் போலத் திரும்பிச் சுவரில் எறியுங்கள், பக்கத்துக்கு 6, 3 சுற்று, சுற்றுக்கிடையே ஒரு நிமிட ஓய்வு. களைத்துப்போய் எறிவது வேகப் பயிற்சி ஆகாது. வீட்டிலேயே செய்ய இன்னொன்று: கிளப்பைத் தலைகீழாக, அதன் தலைக்கு அருகே தண்டைப் பிடித்துச் சுழற்றுங்கள். விர்ரென்ற ஓசை பந்து இருக்க வேண்டிய இடத்திலோ, அதைத் தாண்டியோ கேட்க வேண்டும். வலது தோள் பக்கமே கேட்டுவிட்டால் வேகத்தைச் சீக்கிரமே செலவழித்துவிட்டீர்கள். டிரைவரில் மணிக்கு ஒரு மைல் வேகம் கூடினால், நடுமுகத்தில் பட்டால், 2 முதல் 2.5 கஜம் கூடும். நடுமுகத்தில் படாவிட்டால் ஒன்றும் கூடாது.

ஒரு கூடைப் பந்து

60 பந்து போதும். நூறைத் தாண்டினால் கடைசி நாற்பதும் களைப்பைத்தான் பழக்கும். அடிப்பதற்கு முன் 8 நிமிடம் காலை முன்பின் வீசுதல், அடியெடுத்து வைத்துக் குனிதல், உடம்பைத் திருப்புதல். ஒரே நிலையில் நீண்ட நேரம் இழுத்துப் பிடிக்கும் நீட்சிகளை ஆட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், முன்னால் செய்தால் தசையின் விசை தற்காலிகமாகக் குறையும்.

முதல் 15 பந்து வெட்ஜில் (குறுந்தூரத்துக்கான கிளப்) அரை ஸ்விங். அடுத்த 25 அன்றைய ஒரே ஒரு பயிற்சி. ஒரு நாளைக்கு ஒரு பயிற்சிக்கு மேல் வேண்டாம். கடைசி 20 பந்தில் ஒவ்வொன்றுக்கும் இலக்கை மாற்றி, பின்னால் போய் நின்று பார்த்து, புதிதாக வந்து நின்று அடியுங்கள். ரேஞ்சில் ஒரே இடத்தில் நின்று அடித்தவை மைதானத்தில் கைகொடுக்காததற்கு இந்த இருபதைத் தவிர்ப்பதே காரணம்.

வாரம் ஒருமுறை கைபேசியில் ஸ்லோ மோஷன் எடுங்கள். கேமரா உங்கள் கை உயரத்தில் இருக்கட்டும். பின்னாலிருந்து எடுக்கும்போது கைகளுக்கு நேரே, இலக்குக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். கேமரா ஓர் அடி உள்ளே நகர்ந்தாலே சரியான பாதையும் தப்பாகத் தெரியும்.

கோல்ஃபில் அதிகம் அடிபடுவது கீழ்முதுகு, அடுத்து முழங்கை. முழங்கையின் உட்பக்கம் வலித்தால் பிடியைத் தளர்த்தி, பாயை விட்டுப் புல்லுக்கு மாறுங்கள். லேசான எடையோடு மணிக்கட்டை மெதுவாக, 3 விநாடி எடுத்து இறக்கும் பயிற்சி 15 வீதம் 3 சுற்று உதவும். வலி காலுக்குள் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, விதி. திசைக்கட்டை (திசை பார்க்கத் தரையில் வைக்கும் குச்சி), எடைகூட்டிய கிளப் எல்லாம் ரேஞ்சோடு சரி. சுற்று தொடங்கிய பிறகு அவற்றைப் பயன்படுத்தினால் முதல்முறை இரண்டு அடி தண்டனை, ஸ்ட்ரோக் ஆட்டத்தில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டம்). மறுபடி செய்தால் தகுதிநீக்கம். பையில் 14 கிளப்புக்கு மேல் இருக்கவும் கூடாது. 7 ஐயனோடு பழகுபவருக்கு அந்தக் கவலை இப்போதைக்கு இல்லை.